மாற்றிக் கட்டிய பை

உருத்திரபுரத்தில் சின்னராசாவைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் வீட்டு வழி சொல்வதில்லை. "மில்லுக்குப் போங்கோ" என்பார்கள். அரிசி மில்லில் மூட்டை சுமப்பவர் அவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்த தகப்பனோடு பதினான்கு வயதில் வடமராட்சியிலிருந்து வந்தவர். அந்த மூன்று ஏக்கர் வயலும் பின்னாளில் தமையனுக்குப் போயிற்று. "அண்ணருக்கு வயல், எனக்கு முதுகு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முப்பத்தைந்து வருடம் அந்த முதுகுதான் வீட்டில் உலை வைத்தது. ஒரே மகள் ராஜினியை வளர்த்துப் படிப்பித்துத் தண்ணீரூற்று என்ற ஊரில் கட்டிக் கொடுத்ததும் அதுதான்.

மூட்டை முதுகில் ஏறியதும் உள்ளே இருப்பது நெல்லா தவிடா, நிறை எவ்வளவு குறைவு என்றெல்லாம் சொல்லிவிடுவார். தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மூட்டையை ஒருநாளும் எறியமாட்டார். முழங்காலை மடித்து, படுத்திருக்கிற பிள்ளையை இறக்குகிற மாதிரி இறக்குவார். எறிந்து விட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "உவன் மூட்டை தூக்கிறவனில்லை, மூட்டையோட சண்டை பிடிக்கிறவன்" என்பார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வைகாசியில் ஒருநாள் மில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். வீட்டுக்கு விடும்போது டொக்டர் மனைவி இராசமலரைக் கூப்பிட்டு அவருக்கு முன்னாலேயே சொன்னார்.

"இனி மூட்டை தொடக்கூடாது. குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. மெல்ல மெல்ல நடக்கலாம். நடக்கேக்கை மூச்சு வாங்கினால் உடனே இருந்திட வேணும். உங்கட உடம்புதான் உங்களுக்கு அளவு, விளங்கிச்சோ ஐயா?"

விளங்கியது. விளங்கியதால்தான் மனிசன் உடைந்து போனார். வாசலில் கதிரையைப் போட்டு இருந்துவிடுவார். மில் லொறி றோட்டால் போனால் எழுந்து உள்ளே போய்விடுவார். இராசமலர் இரண்டு வாளித் தண்ணீரோடு கிணற்றடியிலிருந்து வரும்போது வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அவள் விறகுக் கட்டைத் தலையில் வைக்க முடியாமல் தடுமாறியபோது எழுந்து வந்தார். "விடுங்கோ, நான் பாக்கிறன்" என்று அவள் பதறினாள். வந்த வழியே திரும்பிப் போய் இருந்தவர் அன்று முழுக்கப் பேசவில்லை. பழைய சின்னராசாவின் வாயை மூட ஆள் வேண்டும். இந்தச் சின்னராசாவிடம் ஒரு சொல்லை வாங்க அவள் பாடுபட வேண்டியிருந்தது. நெஞ்சு வருத்தம் அவரைக் கொண்டுபோகாது, இந்தச் சும்மா இருப்புத்தான் கொண்டுபோகும் என்று அவளுக்குப் பயம் பிடித்தது.

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. தொண்ணூற்றாறு செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பக்கமிருந்து பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. முதலில் தூரத்தில், பிறகு வாய்க்காலுக்கு அங்கால். மூன்றாம் நாள் விடிய ஊர் எழும்பிவிட்டது. அக்கராயனுக்குப் போவதென்று எல்லாரும் ஒரே சொல்லாகச் சொன்னார்கள். பத்துக் கட்டை, அதாவது பத்து மைல் தூரம். உழவு மெசின் வைத்திருந்தவர்கள் தங்கள் சாமானை ஏற்றினார்கள். அடுத்த வளவு ஐயாத்துரை சைக்கிளில் கட்டினார். இவர்களுடைய சைக்கிளுக்கு ரயர் இல்லாமல் போய் ஆறு மாதம்.

இராசமலர் இரண்டு உரப்பைகளை எடுத்து, பழைய சாரத்தைக் கிழித்துப் பட்டி தைத்து, முதுகில் மாட்டுகிற பையாக்கினாள். சின்னராசா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, அரிசியைத் தானே அள்ளி ஒரு பைக்குள் போட்டார். இருபது கிலோவுக்குக் குறையாது. மேலே மண்வெட்டி அலகு, தேங்காய் நாலு, பெரிய சட்டி.

"இது என்ர. உடுப்பும் தலகணியும் மற்றதுக்கை போடு. அது உனக்கு."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டர் செல்லுக்கை நிண்டு சொன்னவரே? பொம்பிளை அரிசி சுமக்க நான் கையை வீசிக்கொண்டு வரட்டோ? ஊர் பாக்கும்."

அவள் மறுத்துப் பேசவில்லை. பேசினால் என்ன நடக்கும் என்று தெரியும்: பிடிவாதமாகத் தூக்குவார், அல்லது "நான் வரேல்லை, நீ போ" என்று கதிரையில் இருந்துவிடுவார். ஊரில் அப்படி இருந்துவிட்ட கிழவர்கள் இரண்டு பேரை அவளுக்குத் தெரியும்.

அவர் மாட்டை அவிழ்த்துவிடப் போனார். திரும்பி வர நேரமெடுக்கும். ஒவ்வொரு மாட்டோடும் கதைத்துவிட்டுத்தான் வருவார். இராசமலர் குசினிக்குள் இரண்டு பைகளையும் இழுத்தாள். அரிசி அவ்வளவையும் தன் பைக்கு மாற்றினாள். மண்வெட்டி அலகும் தேங்காயும் அதற்குள்ளேயே. அவருடைய பையில் தலையணைகளையும் போர்வையையும் அடைத்து, பை சப்பளியாமல் நிற்க வெறும் பிஸ்கற் தகரம் ஒன்றை நடுவில் வைத்தாள். மேலே ஒரு சுண்டு அரிசியைத் துணியில் முடிந்து, அதன்மேல் சட்டி. வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் அரிசியும் சட்டியும்தான் கைக்குத் தட்டுப்படும். இரண்டு பையையும் இறுக்கிக் கட்டினாள்.

அவர் வந்தார். மூட்டை தூக்குகிறவருக்கே உரிய விதமாகக் காலை அகட்டி, மூச்சை இழுத்து, பட்டியைத் தோளில் மாட்டி எழும்பினார். இருபத்தைந்து கிலோவுக்கு எழும்புகிற எழும்பல். பை ஐந்து கிலோ இருக்காது. ஆள் பின்பக்கம் ஒரு அடி போய்த்தான் நின்றார்.

பிடிபட்டாயிற்று என்று இராசமலர் நினைத்தாள். ஏச்சு வாங்குவதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். ஏசினாலும் பரவாயில்லை, நேரமில்லை என்று அவசரப்படுத்தி நடத்திப்போடலாம்.

அவர் ஏசவில்லை. தோளை ஒருதரம் குலுக்கிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு வருடமாக அந்த முகத்தில் காணாத ஒன்று மெல்ல வந்தது.

"மலர், பாரமே தெரியேல்லையடி."

அரிசியைத் தன் கையால் அள்ளிப் போட்டவர். கண்ணால் கண்டதை விட்டு வேறு எதை நினைப்பார்? தராசை வென்ற முதுகு அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அது சொன்னதற்கு அவர் வேறு பொருள் எடுத்துக்கொண்டார்: பாரம் குறையவில்லை, நான் தேறிவிட்டேன் என்று.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அது முடியவில்லை.

"ஒரு வருசம் ஓய்வெடுத்த உடம்பெல்லோ" என்றாள். "தேறாமல் என்ன செய்யும்?"

கோணாவில் பக்கமாகச் சனம் ஒழுங்கைப் பாதை நிறைய நடந்தது. இராசமலரின் முதுகில் முப்பது கிலோ. முதல் கட்டையில் அது தோளில் இருந்தது. பட்டி அறுத்த இடத்தில் முந்தானையை மடித்து வைத்தாள். இரண்டாம் கட்டையில் இடுப்புக்கு இறங்கியது. அதற்குப் பிறகு எங்கே இருக்கிறதென்று சொல்ல முடியாமல் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகம் தன் கால் பெருவிரலும், அதற்கு முன்னால் இரண்டு முழ மண்ணும்தான். வாயால் மூச்சு விட்டால் அவருக்குக் கேட்கும் என்று மூக்கால் விட்டாள். அதனால் காது அடைத்தது.

ஒன்றைக் கவனித்தாள். அவர் கதைக்கும்போது பாரம் குறைந்தது. அவர் கதையை நிறுத்தியதும் பை முதுகில் திரும்ப வந்து ஏறிக்கொண்டது. அதனால், "பிறகு?" "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவரும் குறைவைக்கவில்லை. மில் முதலாளியின் மூத்த மகன் தவிட்டுக் குழிக்குள் விழுந்தது, ஒரு பெருநாளுக்கு முதல்நாள் தான் நூற்றிருபது மூட்டை இறக்கியது, எல்லாம் வந்தது. முன்னால் நடந்து, திரும்பிப் பார்த்து, நின்று, மறுபடி நடந்தார்.

"என்னப்பா இது? தலகணி சுமக்கிறதுக்கே இந்தப் பெருமூச்சு?"

"எனக்கென்ன உங்களைப்போல மில் முதுகே?"

"கொண்டா, அதையும் நான் கொளுவிறன்."

"சும்மா வாங்கோ. எனக்குப் பாரமில்லை."

வழியில் ஒரு மதகடியில் எல்லாரும் இருந்தார்கள். சின்னராசா தண்ணீர் அள்ளப் போனார். இராசமலர் பையை இறக்கவில்லை. இறக்கினால் திரும்ப ஏற்ற இயலாது என்று மதகுக் கட்டில் பையை முட்டுக்கொடுத்தபடி நின்றாள். ஐயாத்துரை உதவி செய்ய வந்து பையின் அடியில் கையைக் கொடுத்தார். கொடுத்த கை அப்படியே நின்றது.

"என்ன பிள்ளை, கல்லோ கட்டிக் கொண்டு வாறாய்?"

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ."

ஐயாத்துரை அவளைப் பார்த்தார். வாய்க்காலடியில் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்ற சின்னராசாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. "நல்ல வேலைதான் பாத்திருக்கிறாய்" என்றார். மெச்சுகிறாரா கண்டிக்கிறாரா என்று தெரியாத குரல். அவளுடைய தேங்காய் நாலையும் மண்வெட்டி அலகையும் எடுத்துத் தன் சைக்கிளில் தொங்கவிட்டார். அதற்குமேல் சைக்கிளில் இடமில்லை.

பொழுது சாய முன் அக்கராயனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பட்டியை இறக்கியபோது இராசமலரின் இரண்டு தோளிலும் சட்டை ஒட்டியிருந்தது. அவர் பார்க்க முதல் முந்தானையால் மூடினாள். சின்னராசா பையை இறக்கி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"பத்துக் கட்டை. மூச்சு வாங்கேல்லை. டொக்டர் என்ன சொன்னவர்? உடம்புதான் அளவு எண்டவர். அளந்து பாத்தாச்சு."

குளத்துக்கு இந்தப் பக்கம், பாலை மரங்களுக்குக் கீழே சனம் கொட்டில் போட்டது. சின்னராசா கிடுகு கட்டினார், கப்பு நட்டார், பக்கத்துக் கொட்டில்களுக்கும் போய்க் கை கொடுத்தார். காலையில் எழுந்ததும் யாரையாவது கூப்பிட்டுக் கதைப்பார். அவர் சிரிக்கிற சத்தம் மூன்று கொட்டில் தள்ளிக் கேட்கும். இராசமலர் அடுப்படியில் இருந்து அதைக் கேட்பாள். தோள் புண் ஆற இரண்டு கிழமை எடுத்தது. அந்தச் சிரிப்புக்கு அது பெரிய விலையில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது.

நிவாரணம் எடுக்கப் போகும்போதும் அதே வேலைதான். இரண்டு பேரும் போவார்கள். அவர் வரிசையில் கதைத்துக்கொண்டு நிற்க, அவள் அரிசியைத் தன் பைக்கும், சீனி, சவர்க்காரம், நெருப்புப் பெட்டியை அவருடைய பைக்கும் போட்டுக் கட்டுவாள். ஒருதரம் செய்த பொய்யைக் காப்பாற்ற, போகிற ஒவ்வொரு தரமும் செய்ய வேண்டியிருந்தது.

மாரி தொடங்குகிற நேரம், அடுத்த கொட்டில் விமலேஸ்வரி வந்து இராசமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் நெஞ்சு வருத்தம், கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

"அக்கா, உங்கட மனிசனை நான் கும்பிட வேணும். எந்த மருந்துக் கடையிலும் இல்லாத குளிசை. தனக்கு இனித் தேவையில்லையாம், ரெண்டு பெட்டியையும் அப்பிடியே கொண்டுவந்து தந்திட்டார்."

அவை ராஜினி அலைந்து திரிந்து வவுனியாவிலிருந்து எடுப்பித்து அனுப்பிய குளிசைகள். இராசமலரால் விமலேஸ்வரியிடம் அவற்றைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. அவள் ஏற்கெனவே முந்தானைத் தலைப்பில் ஒரு பெட்டியை முடிந்து வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ. அண்டைக்கு நாங்கள் நடந்து வந்தமெல்லே..."

"அதை ஏன் கேக்கிறாய்? அண்டைக்குத்தான் எனக்கு உயிர் திரும்பி வந்தது." சோற்றுக் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ மலர், அந்தக் கதிரையில இருக்கேக்கை நான் ஒவ்வொரு நாளும் செத்துப்போக வேணும் எண்டுதான் நினைச்சனான்."

அந்தச் சும்மா இருப்பு அவரைக் கொல்லுவது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அவருக்கும் தெரிந்திருக்கிறது. சொல்ல எடுத்த வசனத்தை விழுங்கினாள்.

"குளிசையை ஏன் குடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"குளிசையோ பத்துக் கட்டை நடந்தது? நான் எல்லோ நடந்தனான்."

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் மழை, கொட்டில் ஒழுகியது. அதற்கடுத்த நாள் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நிவாரண லொறி வந்தது.

மூட்டை இறக்க ஆள் போதாது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். இராசமலர் குளத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஐயாத்துரைதான் கரைக்கு ஓடி வந்து சொன்னார். "பிள்ளை, அவன் மூட்டை இறக்கப் போட்டான். நான் சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை." ஈரச் சேலையோடு ஓடினாள்.

லொறிக்கு முன்னால் சனம் வட்டமாக நின்றது. சின்னராசா சேட்டைக் கழற்றி, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு மூட்டை இறக்கியாயிற்று. ஐம்பத்தைந்து வயது ஆள் மூட்டையை இறக்கி வைக்கிற அழகை எல்லாரும் பார்த்து நின்றார்கள். யாரோ விரலை வாயில் வைத்துச் சீக்காய் அடித்தார்கள். மூன்றாவதுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றபோது இராசமலர் போய் முன்னால் நின்றாள்.

"வேண்டாம். விலகுங்கோ. உங்களுக்குச் சுகமில்லை."

"ஆர் சொன்னது?"

"அண்டைக்கு உங்கட பைக்குள்ள அரிசி இருக்கேல்லை." இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. "தலகணி. தலகணியும் வெறும் தகரமும். அரிசி என்ர பையில. நான்தான் மாத்திக் கட்டினனான்."

சனம் சிரித்தது. சின்னராசாவும் சிரித்தார். கோபமேயில்லாத சிரிப்பு.

"பாத்தியளே, என்னை மறிக்கிறதுக்கு மனிசி என்னவெல்லாம் சொல்லுது. முப்பத்தைஞ்சு வருசம் சுமந்த முதுகுக்குத் தலகணிக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாதே?"

"ஐயாத்துரையண்ணையைக் கேளுங்கோ!"

ஐயாத்துரை பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். "ஓம் சின்னராசா, அவள் சொல்லுறது மெய்யடா" என்றார். அது சிரிப்புச் சத்தத்துக்குள் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. மேலே நின்றவன் மூட்டையைச் சரித்துவிட்டான்.

லொறியிலிருந்து கடை வாசலுக்கு இருபது அடி இருக்கும். பாதியில் அவருடைய நடை மாறியது. நிற்கவில்லை, மெதுவாகியது. வாசலில் முழங்காலை மடித்து, சரிக்காமல், மூலை பிசகாமல், மற்ற இரண்டு மூட்டைக்கும் பக்கத்தில் இறக்கி வைத்தார். அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் வியர்த்து, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. இராசமலர் அவருடைய தோளைப் பிடித்தாள்.

"மலர்," என்றார். "இது நனைஞ்ச மூட்டை போல. சரியான பாரம்."

பிறகு மூட்டையோடு சாய்ந்து இருந்தார். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். குடிக்க அவர் இருக்கவில்லை.

கடை மனேச்சர் பிறகு அந்த மூட்டையைத் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை.

எரித்து மூன்றாம் நாள்தான் ராஜினி வந்து சேர்ந்தாள். தண்ணீரூற்றுக்குச் செய்தி போய், அவள் புருசனோடு சைக்கிளில் காட்டுப் பாதையால் வந்துசேர அவ்வளவு நேரம் எடுத்தது. வந்தவர்கள் எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள்: அப்பா நல்லாத்தான் இருந்தவர், வருத்தமெல்லாம் மாறிவிட்டது, பத்துக் கட்டை சுமந்து நடந்தவர், கடைசி மட்டும் ராசாமாதிரி இருந்து போனவர். இராசமலர் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். மகள் கொட்டிலுக்குள் தகப்பனின் சாமான்களைத் துழாவிவிட்டு வந்து, "அம்மா, நான் அனுப்பின குளிசை எங்கை?" என்று கேட்டபோது விட முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். பை மாற்றியது, அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டது, ஒவ்வொரு நிவாரணத்துக்கும் செய்தது, குளிசை போன இடம், சொல்லத் தொடங்கி விழுங்கியது.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார்" என்றாள் ராஜினி.

"ஓம்."

"உங்களோட கோவிச்சுக்கொண்டு இருந்திருப்பார். அவ்வளவுதானே அம்மா?"

"ஓம் பிள்ளை. கதிரையில, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோவத்தோட. ஆனால் இருந்திருப்பார்." இராசமலர் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவர் சிரிச்சுக்கொண்டு இருக்கிறதை நான் இன்னும் கொஞ்ச நாள் பாக்க ஆசைப்பட்டிட்டன்."

ராஜினி எழுந்து வெளியே போனாள். அதற்குப் பிறகு தாயும் மகளும் அலுவல் கதைதான் கதைத்தார்கள். அரிசி எங்கே, ஐயர் எப்போது வருவார், வாழையிலைக்கு யார் போவது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று விமலேஸ்வரி வந்து ஓரமாக நின்றாள். ராஜினி அவளுக்குத் தன் கையால் சோறு போட்டாள். குளிசையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

செத்த வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. எட்டுச் செலவுக்கு வந்தவர்களும் சாப்பிட்டுக் கை கழுவி, ஒருவர்பின் ஒருவராகப் பேசாமல் எழும்பிப் போனார்கள். கடைசியில் ராஜினியின் புருசன் சைக்கிளைத் திருப்பிப் பிடித்தான். ராஜினி பையைத் தோளில் கொளுவினாள், தாயைத் தாண்டிப் போய்ப் பின்னால் ஏறி இருந்தாள். வாறன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வழக்கத்துக்காகவா, கோபத்திலா என்று இராசமலருக்குத் தெரியவில்லை. சைக்கிள் குளக்கட்டில் ஏறி மறையும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், கழுவ வேண்டிய சட்டிகளை எடுத்தாள்.